வட தான்சானியா: ஏழு நாளில் காடும் மக்களும், எந்த வரிசையில் போவது

அருஷா நகரிலிருந்து மேற்கே போகும் ஒரே சாலையிலும் அதன் கிளைகளிலும்தான் தாரங்கிரே, மன்யாரா, ஙொரொங்கொரோ, செரெங்கெட்டி என்னும் காட்டுப் பகுதிகளும், இடையில் தங்கும் ஊரான கரட்டுவும் அமைந்திருக்கின்றன. வரைபடத்தில் பார்த்தால் சுலபமாகத் தெரியும். முதல்முறை வருபவர்கள் பெரும்பாலும் இடங்களை எண்ணித் திட்டம் போடுகிறார்கள். இங்கே எண்ண வேண்டியவை மணி நேரங்கள். பூங்காக் கட்டணம் நாள் கணக்கில் இல்லை, 24 மணி நேரக் கணக்கில் ஓடுகிறது. வாயில்கள் காலை 6-க்குத் திறந்து மாலை 6-க்கு மூடுகின்றன. இந்த இரண்டையும் மனதில் வைத்தால் பாதி வேலை முடிந்தது.

1. முதலில் மாதம், பிறகுதான் இடம்

மார்ச் நடுவிலிருந்து மே வரை பெருமழை. நவம்பர், டிசம்பரில் சிறுமழை. ஜூன் முதல் அக்டோபர் வரை வறட்சி. "எப்போது போனாலும் வில்டபீஸ்ட் கூட்டத்தைப் பார்க்கலாம்" என்று விற்பவர்கள் சொல்வது ஒரு வகையில் உண்மைதான். ஆனால் மாடு போன்ற அந்த மான்கள் மேய்ச்சலுக்காக இடம்பெயர்ந்துகொண்டே இருக்கும். கூட்டம் அப்போது செரெங்கெட்டியின் எந்த மூலையில் இருக்கும் என்பதைப் பொறுத்து நீங்கள் தங்கும் இடம் மாற வேண்டும். செரெங்கெட்டியின் பரப்பு 14,763 சதுர கிலோமீட்டர். மூலை மாறினால் ஒரு நாள் பயணம் வீண்.

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை கூட்டம் தெற்கே நுடுட்டு புல்வெளியில் கன்று போடும். நுடுட்டுவின் பெரும்பகுதி செரெங்கெட்டிக்குள் இல்லை, ஙொரொங்கொரோ பாதுகாப்புப் பகுதிக்குள் இருக்கிறது. இது தெரியாமல் பிப்ரவரியில் நடுப்பகுதியான செரொனெராவில் மூன்று இரவு பதிவு செய்துவிட்டு, தினமும் தெற்கே ஓடி இரண்டு பூங்காக்களுக்கும் கட்டணம் கட்டுபவர்கள் பலர்.

ஜூலை முதல் அக்டோபர் வரை கூட்டம் வடக்கே, மாரா ஆற்றங்கரையில் கோகடெண்டே பக்கம் இருக்கும். செரொனெராவிலிருந்து அங்கே போக நான்கைந்து மணி நேரம் ஆகும். ஆற்றைக் கடக்கும் காட்சிக்காகப் போனால் அங்கேயே இரண்டு இரவாவது தங்குங்கள். கரைக்கு வந்த கூட்டம் அரை நாள் நின்று யோசித்துவிட்டுத் திரும்பிப் போவது சாதாரணம்.

ஆறு நாள், ஏழு நாள் மட்டும் இருப்பவர்களுக்குச் செரொனெராவே போதும். ஆற்றோர மரங்கள் இருப்பதால் சிங்கமும் சிறுத்தையும் வருடம் முழுக்க அங்கேயே இருக்கும். கீழே சொல்லும் வரிசை அதை வைத்துத்தான்.

2. புறப்படும் முன்: ஊசி, விசா, பை

மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்னால் போடுங்கள். ஊசி போட்டதற்குச் சான்றாகத் தரும் மஞ்சள் அட்டை, போட்ட 10-ஆம் நாளிலிருந்துதான் செல்லும். அந்த நோய் உள்ள நாட்டிலிருந்து வந்தாலோ, அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் இடைநின்று வந்தாலோ தான்சானியா அட்டையைக் கேட்கும். நைரோபி, அடிஸ் அபாபா வழியாக மலிவான டிக்கெட் எடுப்பவர்கள் இடைநிற்கும் நேரத்தைக் கவனியுங்கள். திரும்பும்போதும் சிக்கல் உண்டு. கென்யா, எத்தியோப்பியா போல இந்தியாவின் பட்டியலில் உள்ள நாட்டில் இறங்கித் தங்கிவிட்டு அட்டை இல்லாமல் வந்தால் ஆறு நாள் தனிமைப்படுத்தலாம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் இந்த ஊசி போடுகிறார்கள். எல்லா மருத்துவமனையிலும் கிடைக்காது.

மலேரியா மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஙொரொங்கொரோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்பு 2,300 மீட்டர் உயரம், அங்கே கொசு குறைவு. ஆனால் வழியில் இரவு தங்கக்கூடிய ஊரின் பெயரே ம்டோ வா ம்பு. சுவாஹிலியில் அதற்குக் "கொசு ஆறு" என்று பொருள்.

விசாவை இணையத்தில் முன்பே வாங்கிவிடுங்கள். 2019 ஜூன் 1 முதல் நாட்டுக்குள் பிளாஸ்டிக் கைப்பை கொண்டுவரத் தடை உண்டு. துணிக்கடைக் கவரில் செருப்பைச் சுற்றி வைக்கும் நம் வழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சோப்பு, பேஸ்ட் போடும் ஜிப் பைக்கு விலக்கு உண்டு.

பெட்டி சக்கரமில்லாத துணிப்பையாக இருக்கட்டும். ஜீப்பின் பின்புறத்தில் கடினமான சூட்கேஸ்களை அடுக்க முடியாது. செரெங்கெட்டிக்குப் போகும் சிறு விமானங்களிலும் 15 கிலோ மென்பைதான் ஏற்றுவார்கள். உடையில் கருநீலமும் கறுப்பும் வேண்டாம். கடிக்கும் செட்சி ஈக்கு அந்த நிறங்கள் பிடிக்கும். தாரங்கிரேயில் மரங்களில் நீலமும் கறுப்புமாகத் துணி தொங்குவதைப் பார்ப்பீர்கள், அது இந்த ஈயைப் பிடிக்க வைத்த பொறி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை விளிம்பில் விடியற்காலை குளிர் ஊட்டிக் குளிர் போலவே இருக்கும், ஒரு தடித்த ஜாக்கெட் அவசியம். சுவர் பிளக் பிரிட்டன் வகை, சதுரக் கால் மூன்று. அதற்கான அடாப்டர் ஒன்று போதும்.

3. வண்டியைப் பேசும்போது கேட்க வேண்டியவை

மேற்கூரை திறக்கும் நான்கு சக்கர இழுவை லேண்ட் குரூஸரும், அதை ஓட்டியபடியே விலங்குகளைக் காட்டும் டிரைவர் கைடும் சேர்ந்துதான் ஒரு தொகுப்பு. பயண நிறுவனத்திடம் முதலில் டாலா உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். அது சுற்றுலா முகவர் உரிமம். அது இல்லாதவர் மலிவாகத்தான் சொல்வார்.

அடுத்து, மொத்தத் தொகையைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். 2024 கட்டணப்படி, 18 சதவீத வரியோடு, வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு 24 மணி நேரத்துக்குச் செரெங்கெட்டி 82.60 டாலர், ஙொரொங்கொரோ 70.80 டாலர். தாரங்கிரே 59 டாலர். ஙொரொங்கொரோ பள்ளத்துக்குள் இறங்க வண்டி ஒன்றுக்கு 295 டாலர் தனி. அங்கே நிதியாண்டு ஜூலையில் தொடங்குவதால் கட்டண மாற்றமும் பெரும்பாலும் அப்போதுதான் வரும்.

அந்த 295 டாலரைத்தான் பலர் கவனிப்பதில்லை. இருவர் போனால் தலைக்கு ஏறக்குறைய 148, ஆறு பேர் போனால் 49. குடும்பமாகவோ நண்பர்களோடோ சேர்ந்து போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம். பூங்காவுக்குள் இரவு தங்கினால் அதற்கும் தலைக்கு ஒரு கட்டணம் உண்டு. "எல்லாம் அடக்கம்" என்ற சொல்லுக்குள் வரி, பள்ளக் கட்டணம், தங்கும் கட்டணம் மூன்றும் இருக்கின்றனவா என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

வாயிலில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். நிறுவனம் அனுமதியை முந்தின நாளே கட்டிவைத்திருந்தால் வரிசையில் அரை மணி நேரம் மிச்சம். டாலர் கொண்டுபோனால் புதிய, கிழியாத நோட்டுகள். 2006-க்கு முந்தைய நோட்டை யாரும் தொட மாட்டார்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் இந்தக் கட்டத்திலேயே எழுத்தில் சொல்லிவிடுங்கள். மதிய உணவு பெரும்பாலும் விடுதியில் கட்டித்தரும் பெட்டி. சொல்லாவிட்டால் உள்ளே கோழிக்கால் இருக்கும், நடுக்காட்டில் மாற்று கிடையாது. "சிலி ந்யாமா" என்றால் "நான் இறைச்சி சாப்பிடமாட்டேன்". மீனுக்கு "சிலி சமாகி". உகாலி என்னும் சோள மாவுக் களி, மஹராகே என்னும் பீன்ஸ் குழம்பு, ம்சிச்சா என்னும் கீரை, சப்பாத்தி இவை எங்கும் கிடைக்கும். ம்சிச்சா நம் தண்டுக்கீரைக் குடும்பம்தான், வாயில் வைத்ததும் தெரிந்துவிடும்.

4. முதல் நாள்: அருஷா, சும்மா இருங்கள்

கிளிமஞ்சாரோ விமான நிலையத்திலிருந்து அருஷா ஏறத்தாழ ஒரு மணி நேரம். அன்றைக்கே சஃபாரி தொடங்க வேண்டாம். விமானமோ பெட்டியோ தாமதமானால் முழு வரிசையும் சரியும். பிற்பகல் மிச்சமிருந்தால் பக்கத்திலேயே அருஷா தேசியப் பூங்கா இருக்கிறது. மொமெல்லா ஏரிகள், கறுப்பு வெள்ளை கொலோபஸ் குரங்குகள், துப்பாக்கி ஏந்திய ரேஞ்சரோடு நடக்கும் பாதை எல்லாம் அங்கே உண்டு.

இன்றைக்கு ஒரு விஷயத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்: சுவாஹிலி மணி. இவர்களுக்கு நாள் தொடங்குவது காலை ஆறு மணிக்கு. நம் ஏழு மணி அவர்களுக்கு "சா மோஜா", அதாவது ஒரு மணி. ஆறு மணி நேர வித்தியாசம். டிரைவரோ ஊர் வழிகாட்டியோ நேரம் சொன்னால் கைக்கடிகாரத்தைக் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

5. இரண்டாம் நாள்: தாரங்கிரே

அருஷாவிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். மகுயுனி சந்திப்பில் வலது பக்கம் திரும்பாமல் நேரே டொடொமா சாலையில் போக வேண்டும். ஊர்களுக்குள் வேக வரம்பு 50, வெள்ளைச் சீருடைக் காவலர்கள் கருவியோடு நிற்பார்கள். டிரைவரை அவசரப்படுத்திப் பயனில்லை.

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. வறட்சிக் காலத்தில் சுற்றுவட்டாரத்து யானைகள் எல்லாம் தாரங்கிரே ஆற்றுக்கு வந்து சேரும். செரெங்கெட்டியைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் கண் களைத்திருக்கும். மன்னாரில் பெருக்க மரம் (பாவோபாப்) பார்த்தவர்கள் அதன் சொந்தக்காரர்களை இங்கே கூட்டமாகப் பார்க்கலாம். அடிமரத்தில் பட்டை பிய்ந்து கிடந்தால் அது யானை ஈரத்துக்காகக் கிழித்த அடையாளம்.

நவம்பர் முதல் மே வரை யானைகள் பூங்காவுக்கு வெளியே சிதறிவிடும். அப்போது வந்தால் இந்த நாளை நுடுட்டுவுக்குக் கொடுத்துவிடலாம். மன்யாரா ஏரி வழியில்தான் இருக்கிறது. நுழைவாயில் அருகே ஊற்று நீரில் வளர்ந்த காடு அழகு. ஆனால் "மரமேறும் சிங்கம்" என்ற விளம்பரத்தை நம்பி ஒரு நாளைச் செலவிடாதீர்கள்.

மாலையில் கரட்டு போய்த் தங்குங்கள். அங்கே இரண்டு இரவு.

6. மூன்றாம் நாள்: எயாசி ஏரி, ஹட்ஸாவும் டடோகாவும்

கரட்டுவிலிருந்து எயாசி ஏரியருகே உள்ள மங்கோலா ஊருக்குப் புழுதிச் சாலை, ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். காலை 4.30-க்குப் புறப்பட வேண்டும். வேட்டையாடியும் தேனும் கிழங்கும் சேகரித்தும் வாழும் ஹட்ஸா மக்கள் விடிந்ததும் வேட்டைக்குக் கிளம்பிவிடுவார்கள். எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் நெருப்பருகே உட்கார்ந்திருக்கும் முதியவர்களைத்தான் பார்ப்பீர்கள்.

மங்கோலாவில் சுற்றுலா அலுவலகத்தில் கட்டணம் கட்டி, ஊர் வழிகாட்டியை ஏற்றிக்கொள்வது கட்டாயம். அவர் இல்லாமல் பேச்சே நடக்காது. ஹட்ஸா மொழி நாக்கைச் சொடுக்கிப் பேசும் ஒலிகள் நிறைந்தது, அண்டை மொழிகள் எதனோடும் உறவு நிறுவப்படாதது. ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

வேட்டை என்றால் உண்மையான வேட்டைதான். முள் காட்டுக்குள் வேகமாக நடப்பார்கள், யாருக்காகவும் நிற்க மாட்டார்கள். செருப்பு போட்டு வந்தவர்களின் காலில் வேலமுள் அடியிலிருந்து ஏறும். தடித்த அடியுள்ள மூடிய காலணியும் முழுக்கால் சட்டையும் வேண்டும். பறவையோ குரங்கோ அகப்பட்டால் அங்கேயே உரித்துச் சுடுவார்கள். அதைப் பார்க்க மனமில்லாதவர்கள் முன்பே சொன்னால் பெண்களோடு கிழங்கு தோண்டவோ தேன் எடுக்கவோ போகலாம். என்னைக் கேட்டால் அதுவே மேல். ஹட்ஸா ஆண்கள் தேன்காட்டிப் பறவையோடு சீழ்க்கையில் பேசிக் கூட்டைக் கண்டுபிடிப்பது வேட்டையைவிட நுட்பமான வேலை.

அங்கிருந்து பக்கத்தில் வாழும் டடோகா இனத்துக் கொல்லர் வீட்டுக்குப் போவது வழக்கம். ஆட்டுத்தோல் துருத்தியால் காற்றடித்து, பழைய பூட்டையும் குழாய்த் துண்டையும் உருக்கி வளையலும் அம்புமுனையும் செய்கிறார்கள். அந்த அம்புமுனைக்கு ஹட்ஸா தேன் கொடுப்பது நெடுநாள் பண்டமாற்று. அதனால் இந்த இரண்டு இடங்களையும் ஒரே காலையில் பார்த்தால்தான் தொடர்பு புரியும். வளையல் வாங்குவதானால் இங்கே வாங்குங்கள், செய்தவர் கையில் பணம் போகும்.

ஹட்ஸா குடியிருப்பில் பணமோ மதுவோ கையில் கொடுக்க வேண்டாம். குழந்தைகளுக்கு மிட்டாயும் வேண்டாம். மதியம் கரட்டு திரும்பி ஓய்வெடுங்கள், நாளைக்கு நீண்ட சாலை.

7. நான்காம், ஐந்தாம் நாள்: ஓல்டுவாய் வழியாகச் செரெங்கெட்டி

காலை 6.30-க்குக் கரட்டுவை விட்டால் ஙொரொங்கொரோவின் லோடோவாரே வாயிலில் கூட்டம் குறைவு. தார்ச்சாலை அங்கே முடிகிறது. அதற்குப் பிறகு தகரக் கூரை போல வரிவரியான மண் சாலை, முதுகு வலிக்காரர்கள் முன் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். இன்றைக்குப் பள்ளத்தை மேலிருந்து பார்த்துவிட்டுக் கடந்து போகிறோம், இறங்கவில்லை.

பிரதான சாலையிலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர் விலகினால் ஓல்டுவாய் பள்ளத்தாக்கு. 1959 ஜூலை 17 அன்று தொல்லியலாளர் மேரி லீக்கி ஒரு பழங்கால மனிதக் குடும்பத்து மண்டையோட்டைக் கண்டெடுத்த இடம். லயெட்டோலி என்ற இடத்தில் கிடைத்த, சுமார் 36 லட்சம் ஆண்டுப் பழைய கால்தடங்களின் அச்சும் அருங்காட்சியகத்தில் உண்டு. அசல் தடங்களை மண் மூடிப் பாதுகாக்கிறார்கள், அங்கே போய்ப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முதலில் அருங்காட்சியகம், பிறகு மேட்டிலிருந்து விளக்கவுரை என்று போனால் எந்த அடுக்கு எந்தக் காலம் என்று கண்ணுக்குப் பிடிபடும். ஒன்றரை மணி நேரம் போதும்.

சாலையோரம் மாசாய் இன மக்களின் குடியிருப்புகளுக்குள் போவதானால் வண்டிக்கு எவ்வளவு என்று இறங்கும் முன்பே பேசி முடியுங்கள். உள்ளே பாடல், குதித்தாடும் ஆட்டம், பெண்கள் சாணமும் மண்ணும் பூசிக் கட்டிய வீடு, கடைசியில் மணிமாலைக் கடை. வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வழியில் கறுப்பு உடையில் முகத்துக்கு வெள்ளை பூசி நிற்கும் சிறுவர்கள் விருத்தசேதனம் முடிந்தவர்கள். ஓடும் வண்டியிலிருந்து படம் எடுத்தால் சண்டை வரும்.

நாபி குன்று வாயிலில்தான் செரெங்கெட்டியின் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. மதிய உணவுப் பெட்டியை அங்கே பிரித்துச் சாப்பிட்டு, கழிவறை முடித்து, அதற்குப் பிறகு அனுமதியைப் பதியச் சொல்லுங்கள். முதலில் பதிந்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் அந்த முக்கால் மணி நேரமும் உங்கள் காசு. பிற்பகல் 1.30-க்குப் பதிந்தால் இரண்டு அனுமதியில் ஆறாம் நாள் 1.30 வரை இருக்கலாம்.

ஐந்தாம் நாள் முழுக்கச் செரொனெரா. விடியும் முன் கிளம்புங்கள், பத்து மணிக்கு மேல் பூனை இனம் எல்லாம் நிழலில் படுத்துவிடும். சாலையை விட்டு வண்டி இறங்கக் கூடாது. டிரைவருக்கு அதிகப் பணம் தருகிறேன் என்று தூண்டாதீர்கள், பிடிபட்டால் அபராதமும் தடையும் அவருக்கு. டிரைவர்களின் வயர்லெஸ்ஸில் சிறுத்தைச் செய்தி வந்ததும் இருபது வண்டி ஒரே மரத்தைச் சுற்றும். ஆற்றோரம் ஓரிடத்தில் நின்று காத்திருக்கச் சொல்லிப் பாருங்கள், பல நேரம் அதில்தான் நல்ல காட்சி கிடைக்கிறது.

8. ஆறாம், ஏழாம் நாள்: பள்ளம் ஏன் கடைசியில்

இந்த வரிசையின் கணக்கே இங்கேதான். ஆறாம் நாள் மதியம் 1 மணிக்கு நாபியில் செரெங்கெட்டியை விட்டு வெளியேறினால் ஙொரொங்கொரோவின் 24 மணி நேரம் அப்போது தொடங்கும். அன்றிரவு விளிம்பிலேயே தங்கி, மறுநாள் 6-க்கு இறங்கி, 11 மணியளவில் மேலேறி, 12.30-க்குள் லோடோவாரேயைத் தாண்டினால் ஒரே அனுமதியில் முடிந்துவிடும். மாறாக, அன்றே கரட்டு வரை போய்த் தங்கிவிட்டு மறுநாள் திரும்ப நுழைந்தால், 2024 கணக்கில் தலைக்கு இன்னொரு 70.80 டாலர். விளிம்பு விடுதியின் கூடுதல் வாடகையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பள்ளத்தின் ஆழம் சுமார் 610 மீட்டர், தரை 260 சதுர கிலோமீட்டர். இறங்கச் செனெட்டோ பாதை, ஏற லெராய் பாதை, இரண்டும் ஒருவழி. கிழக்கே இருவழிப் பாதை தனியாக உண்டு. எந்தப் பக்கம் விடுதி எடுக்கிறீர்களோ அதைப் பொறுத்து இறங்கும் பாதை மாறும், பதிவு செய்யும்போதே கேளுங்கள். விளிம்பில் மூடுபனி இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். பல நாள் பனி மேலேயே நிற்கும், கீழே வெயில் அடிக்கும்.

காண்டாமிருகம் பார்க்க வேண்டுமானால் முதல் இரண்டு மணி நேரத்தை அதற்கே கொடுங்கள். வெகு தொலைவில் சாம்பல் கல் போலத் தெரியும், பைனாகுலர் இல்லாமல் போனால் மற்றவர் சொல்வதைக் கேட்டுத் தலையாட்ட வேண்டியதுதான். ஒட்டகச்சிவிங்கியைத் தேடாதீர்கள், பள்ளத்துக்குள் அது இல்லை.

ஙொய்டொகிடொக் ஊற்றருகே எல்லா வண்டியும் சாப்பிட நிற்கும். நீர்யானைக் குளம் பக்கத்திலேயே. உணவை வண்டிக்குள் இருந்தே சாப்பிடுங்கள். மேலே சுற்றும் பருந்துகள் கையிலிருக்கும் சப்பாத்தியைப் பின்னாலிருந்து பறிக்கும், நகம் கையைக் கீறும்.

விளிம்பிலிருந்து அருஷாவுக்கு நான்கு மணி நேரம். அன்றிரவே விமானம் என்றால் நள்ளிரவை ஒட்டியதாக இருக்கட்டும். வழியில் பெரிய பரிசுப்பொருள் கடைகளில் டிரைவர் நிறுத்துவார், வேண்டாமென்றால் காலையிலேயே சொல்லிவிடுங்கள்.

9. திரும்பும்போது

டிரைவர் கைடுக்கு அன்பளிப்பு, வண்டிக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 25 டாலர் வழக்கம். கடைசி நாளில் உறையில் போட்டுக் கொடுங்கள்.

கருங்காலி என்று விற்கும் சிற்பங்களில் பாதி, பாலிஷ் பூசிய மென்மரம். ஈரத்துணியால் அடிப்பாகத்தைத் தேயுங்கள், கறை ஒட்டினால் வேண்டாம். இங்கே கருங்காலி எனப்படும் உண்மையான ம்பிங்கோ மரம் கைக்குக் கனக்கும், தண்ணீரில் மூழ்கும்.

இறகு, எலும்பு, கொம்பு, தோல் எதையும், கீழே கிடந்து எடுத்ததாக இருந்தாலும், பையில் போடாதீர்கள். விமான நிலையத்தில் நுழையும்போதே ஒரு சோதனை உண்டு. மாசாய் கத்தியும் ஈட்டியும் கைப்பையில் போனால் பறிமுதல், பதிவுப் பெட்டிக்குள் போடுங்கள். மிச்சமுள்ள ஷில்லிங்கை அங்கேயே மாற்றிவிடுங்கள், சென்னையில் அதை வாங்குவார் இல்லை.